முக்காலுக்கு ஒரு மா குறைவு

எட்மண்டனில் ஜனவரி.
நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும்
ஒரு ஒயர் புறப்பட்டுக் கம்பத்துக்குப் போகிறது,
ஆஸ்பத்திரி வார்டில் வரிசையாய்
சலைன் ஏறுவதுபோல.
மைனஸ் முப்பத்து நாலு.
மூக்கு மயிர் உறைந்து குத்துகிறது.
இதெல்லாம் ஒரு குளிரா என்று
இரண்டாம் அடித்தளத்தில் என் கம்பி கேட்கும்.

அதற்கு வாயில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன்.

கம்பி என்றால் கம்பியில்லை.
காலியம் ஆர்சனைடு சில்லின்மேல்
எதிரெதிரே இரண்டு உலோக விரல்கள்.
அவற்றில் எதிர்மின்னழுத்தம் ஏற்றினால்
நடுவே ஒரு சந்து மிஞ்சும்.
எலெக்ட்ரான்கள் ஒற்றை வரிசையில் போகவேண்டிய சந்து.

நாற்பது மில்லிகெல்வினில்
அது படிக்கட்டு வரையும்.
அழுத்தத்தைத் தளர்த்தத் தளர்த்தக்
கடத்தம் சரிவாய் ஏறுவதில்லை.
ஒன்று. நிற்கும்.
இரண்டு. நிற்கும்.
மூன்று.
கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்த படிகள்.

முதல் படியில் தடை
பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு ஓம்.
அழுக்கில்லாத, பழுதில்லாத கம்பிக்கும் இவ்வளவு.
சுத்தமான கம்பி என்றால் தடை எங்கிருந்து வருகிறது,
வந்த புதிதில் வொய்டெக்கிடம் கேட்டேன்.
சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே சொன்னான்:
உள்ளே இல்லை. நுழைகிற இடத்தில்.
விசாவுக்குப் பதினாலு மாதம் காத்திருந்தவளுக்கு
அதற்குமேல் சமன்பாடு தேவைப்படவில்லை.

விடிகாலை மூன்று பத்துக்குக் கம்ப்ரெசர் நின்றது.
பல்லி சொல்வதுபோல் ஓயாமல் கேட்ட ஒலி
இல்லாமல் போனபோதுதான்
அப்படி ஓர் ஒலி இருந்ததே தெரிந்தது.
அதைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்
எங்கோ மேல்மாடியில் உறைந்து வெடித்துவிட்டதாம்.
குளிரால் போயிற்று குளிர்.

நூறு மில்லி. முந்நூறு. அறுநூறு.
வொய்டெக்குக்குப் போன் செய்தேன்.
"நிறுத்திவிட்டுத் தூங்கு. தரவு பாழ்."
நிறுத்தவில்லை.
ஏன் என்று எழுதப் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு.
காலியாக விட்டேன்.

மூன்றாம் படி முதலில் மழுங்கியது,
மழையில் விட்ட வெல்லம்.
பிறகு இரண்டாவது.
சூடு என்றால் பெரிதாய் ஒன்றுமில்லை,
யாரும் தன் இடத்தில் ஒழுங்காய் நிற்பதில்லை, அவ்வளவுதான்.
கவுண்டர் திறக்குமுன்பே கை நீட்டுகிறார்கள் சிலர்,
திறந்த பின்னும் பராக்குப் பார்க்கிறார்கள் சிலர்.
எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால்
படி போய்ச் சரிவு.

ஒரு கெல்வின் தாண்டியது.
முதல் படிக்குக் கீழே,
இரவு முழுக்க வெறும் ஏற்றமாய் இருந்த இடத்தில்,
ஒரு தோள் எழும்பியது.
மற்றதெல்லாம் கரையக் கரைய
அது மட்டும் தெளிந்தது.
புள்ளி ஏழு.
அரைக்கு மேலே, முக்காலுக்கு ஒரு மா குறைவு.
முழு எண்கள் மட்டும் குடியிருக்கும் தெருவில்
கதவிலக்கம் இல்லாத ஒன்று.

வாசித்திருக்கிறேன் இதைப் பற்றி.
ஸ்பின் என்கிறார்கள்,
ஒன்றையொன்று தள்ளுவதால் என்கிறார்கள்,
முப்பது வருஷமாய் வாய்தா வாங்கும் வழக்கு.
வாசித்தது வேறு.

குளிர்விட்டுப் போச்சு உனக்கு என்பார்கள் எங்கள் பக்கம்,
பயம் தெளிந்து வாய் திறந்தவர்களை.
திரையைப் பார்த்து அதையே சொன்னேன், சத்தமாக.
இரண்டாம் அடித்தளத்தில்
தமிழுக்கு யாரும் திரும்புவதில்லை.

பத்துக் கெல்வினில் தோளும் போயிற்று.
கோப்பைச் சேமித்தேன்.
பெயர் கேட்டது. தேதியை இட்டேன்.

வெளியே மைனஸ் முப்பத்தாறு.
காரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன்.
சுருட்ட வரவில்லை,
தொங்கிய வளைவிலேயே விறைத்து நின்றது.
அப்படியே பின்சீட்டில் போட்டேன்.
பாலம் தாண்டும்வரை கண்ணாடியில் தெரிந்தது,
யாரோ முழங்கை மடக்கி உட்கார்ந்திருப்பதுபோல.
ஹீட்டர் காற்று பின்னால் போய்ச் சேர்ந்ததும்
மெதுவாக,
ஒரு தடவையில் இல்லை,
படுத்துக்கொண்டது.